அறுநூற்று அறுபத்தாறும் ஒரு ‘பயப்படாதே’ ஸ்டிக்கரும்

எல்லோருக்கும் ஏதாவது ஓர் எண் ஆகாது. ஆந்திர எல்லையில் இருக்கிற எங்கள் நகரியில் கூட்டுத்தொகை எட்டு வருகிற வண்டி நம்பரை இனாமாகக் கொடுத்தாலும் வாங்க ஆள் கிடையாது. பெரிய ஊர் ஓட்டல்களில் பன்னிரண்டாம் மாடிக்கு அடுத்தது பதினான்காம் மாடியாம். (பதிமூன்றில் படுத்துக்கொண்டு பதினான்கில் படுத்திருப்பதாக நினைத்துக் குறட்டை விடுகிறார்கள், பாவம்.) எனக்கு வாய்த்தது அறுநூற்று அறுபத்தாறு. மற்றவர்கள் பயந்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். நான் என் மார்க்கில் ஒன்றைக் குறைத்துவிடும்படி கையெழுத்துப் போட்டு விண்ணப்பம் கொடுத்தேன். ஆந்திராவில் இன்டர், அதாவது பிளஸ் டூ, படித்த இத்தனை லட்சம் பேரில் அப்படிக் கேட்ட ஒரே ஜீவன் நானாகத்தான் இருப்பேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் வேதத்தின், அதாவது பைபிளின், கடைசிப் புத்தகத்தில் ஒரு மிருகம் வருகிறது. அதன் எண் 666. அந்த மிருகத்தின் முத்திரையை வலது கையிலோ நெற்றியிலோ வாங்கிக்கொள்ளாதவர்களால் ஒரு பொருளை வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது என்று எழுதியிருக்கிறது. எழுதியவர் என்ன நினைத்து எழுதினாரோ, சினிமாக்காரர்கள் அதை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். பேய்ப்பட போஸ்டரில் மூன்று ஆறு. முடியை விரித்துப் போட்டுக்கொண்டு கித்தார் வாசிக்கிறவர்களின் பனியனில் மூன்று ஆறு. அவர்களுக்கு அடுத்தபடியாக அதைப் பிடித்துக்கொண்டவள் நகரி பவர்லூம் தெருவில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தவரின் மகள் எஸ்தர். அதாவது நான்.

அப்போது எனக்குப் பதினேழு வயது. எங்கள் சின்ன சபையில் ஞாயிறு பள்ளி டீச்சர். ஆணும் பெண்ணுமாகப் பன்னிரண்டு பிள்ளைகள். யாரோ ஒருவருடைய மெமரி கார்டிலிருந்து ஒரு வீடியோ என் கைக்கு வந்தது. கடைச் சாமான்களின் மேல் இருக்கிற பார்கோடில் நீளமாக மூன்று ஜோடிக் கோடுகள் இருக்கின்றனவாம், அவை மூன்றும் ஆறாம். இன்டர்நெட்டுக்கு முன்னால் போடுகிற மூன்று டபிள்யூவும் எபிரேய மொழியில் மூன்று ஆறாம். எனக்கு எபிரேயமும் தெரியாது, இன்டர்நெட்டும் அவ்வளவாகத் தெரியாது. ஆனாலும் ஒரே வாரத்தில் இரண்டிலும் பண்டிதையாகிவிட்டேன்.

அதற்கப்புறம் என் வகுப்பில் பிஸ்கட் சாப்பிடுவது லேசான காரியமில்லை. பாக்கெட்டைப் பிரிக்கும் முன் பார்கோடைக் கறுப்புப் பேனாவால் முழுக்க அடிக்க வேண்டும். அடித்த பாக்கெட்டை நான் பரிசோதிப்பேன். ஒரு கோடு வெளியே தெரிந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பிரிசில்லா என்று ஏழு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் என்னை மிஞ்சினாள். வீட்டில் பவுடர் டப்பா, பற்பசை, அவளுடைய அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரை அட்டை எல்லாவற்றையும் அடித்துத் தள்ளிவிட்டாள். அவளுடைய அம்மா கடைக்கு வந்து என் நைனாவிடம் சண்டை பிடித்தார். “உன் பொண்ணு கிளாஸ் எடுக்குதா, பேயோட்டுதா? எம்பொண்ணு பிஸ்கட்ட துன்னாம பாத்து பாத்து அழுதுகினு கீது!”

நைனா அன்று சாயங்காலம் என்னிடம், “எம்மா, அந்தக் கோடு இல்லன்னா கடக்காரன் பில்லு போட முடியாதும்மா, அவ்ளோதான் மேட்டரு” என்று மெதுவாகச் சொன்னார். நான் அவரை அனுதாபத்தோடு பார்த்தேன். எப்பேர்ப்பட்ட கண்ணியில் இவர் மாட்டிக்கொண்டிருக்கிறார், நான்தான் ஜெபித்து மீட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த லட்சணத்தில்தான் இன்டர் இரண்டாம் வருட ரிசல்ட் வந்தது.

எனக்கு நர்சாக வேண்டும். ஒருநாள் கடையில் மோட்டார் பெல்ட்டில் நைனாவின் இரண்டு விரல் மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் நானும் அம்மாவும் கதறிக்கொண்டிருந்தோம். ஒரு நர்ஸ் அக்கா வந்து, கொஞ்சமும் பதறாமல், சமையல்கட்டில் கத்தரிக்காய் கழுவுகிற மாதிரி அந்தக் கையைக் கழுவிக் கட்டுப்போட்டார். அந்த அக்காவின் பதறாத கை எனக்கும் வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். திருப்பதியில் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றோடு சேர்ந்த நர்சிங் காலேஜ் இருந்தது. இன்டர் மார்க்கையும் நேர்காணலையும் வைத்து சீட் கொடுப்பார்கள். எங்கள் வசதிக்கு அதை விட்டால் வேறு காலேஜ் கிடையாது.

நெட் சென்டரில் என் ஹால் டிக்கெட் நம்பரைத் தட்டினார்கள். (மூன்று டபிள்யூ வழியாகத்தான். கண்ணை மூடிக்கொண்டேன்.) சமஸ்கிருதத்தில் தொண்ணூற்றெட்டு. எங்கள் பக்கத்துக் காலேஜ்களில் மார்க் சுலபமாக வரும் என்று எல்லோரையும் சமஸ்கிருதம் எடுக்க வைத்துவிடுவார்கள், எஸ்தராக இருந்தாலும் சரி. பிசிக்ஸ் சுமார். ஜுவாலஜி நன்றாகவே இருந்தது. கண் கீழே இறங்கிக் கடைசி வரிக்கு வந்தது.

மொத்தம்: 666.

அதோடு விட்டார்களா? எங்கள் மார்க் மெமோவில், அதாவது மதிப்பெண் பட்டியலில், எண்ணை எழுத்திலும் போடுவார்கள், ஒவ்வோர் இலக்கமாக. எனவே பக்கத்திலேயே ஆங்கிலத்தில் ‘சிக்ஸ் சிக்ஸ் சிக்ஸ்’ என்று, இரண்டு பக்கமும் நட்சத்திரம் வைத்து, பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. ஏதோ பண்டிகைக்குத் தோரணம் கட்டின மாதிரி இருந்தது.

நான் வீட்டுக்கு வந்து வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். பக்கத்து வீட்டு லோகு மாமா ஓடி வந்தார். நாலு பவர்லூம் வைத்திருக்கிறவர். நெற்றியில் எப்போதும் பட்டையாக விபூதி. எண்கணிதத்தில் அவருக்கு அபார நம்பிக்கை. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது ஜாதகத்தைவிட செல்போன் நம்பரைத்தான் அதிக நேரம் பார்த்தார் என்று சொல்வார்கள்.

“இன்னா எஸ்தரு, ஃபெயிலா?”

“இல்ல மாமா. அறுநூத்தி அறுபத்தாறு.”

அவர் உதடு அசைந்தது. விரலை மடக்கினார். முகம் பூத்துவிட்டது. “அடியம்மா! ஆறும் ஆறும் பன்னெண்டு, அப்பால ஒரு ஆறு பதினெட்டு. ஒண்ணும் எட்டும் ஒம்போது! டோட்டல் ஒம்போதுமா! இந்த நம்பருக்கு ஆர்.டி.ஓ ஆபீஸ்ல அட்ச்சிக்கினு சாவுறானுங்க. நீ நோவாம வாங்கிக்கினு வந்து அழுவுற?”

போய் இரண்டு கிலோ மைசூர்பாகு வாங்கி வந்து எங்கள் தெரு முழுக்கக் கொடுத்தார். “நம்ம எஸ்தரு ஒம்போதுல பாஸு” என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். நான் எவ்வளவு பெரிய அழிவில் இருக்கிறேன் என்பது அந்தத் தெருவில் எனக்கும் பிரிசில்லாவுக்கும் மட்டும்தான் தெரிந்திருந்தது. அவள் மைசூர்பாகை வாங்கிக்கொள்ளாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

என் குணம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒன்றை நினைத்துவிட்டால் உடும்புப்பிடிதான். மறுநாள் காலை புத்தூரில் என் ஜூனியர் காலேஜில் போய் நின்றேன். மறுகூட்டலுக்கு விண்ணப்பம் கொடுக்கப் பெரிய வரிசை. எல்லோருக்கும் மார்க் கூட வேண்டும். என் முறை வந்தது. கிளார்க் சார் என் விண்ணப்பத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். அதில் நான், ‘ஒரு மதிப்பெண்ணைக் கூட்டியோ, அது சிரமமானால் குறைத்தோ தந்து உதவுமாறு’ கேட்டிருந்தேன்.

“ஏமம்மா, மார்க்கு தக்கிஞ்சாலா?” (குறைக்கணுமா என்கிறார்.)

“ஒண்ணே ஒண்ணு சார்.”

வரிசையில் எனக்குப் பின்னால் இரண்டு மார்க்கில் ஃபெயிலான ஒரு பையன் நின்றிருந்தான். அந்த ஒன்றைத் தனக்குத் தரச் சொல்லி என்னிடம் மன்றாடினான். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. மாற்றமில்லை.

நர்சிங் காலேஜ் நேர்காணலுக்கு இன்னும் நாலு நாள். அசல் மெமோவைக் கொண்டுபோக வேண்டும். நான் போட்ட கணக்கு இதுதான். அது மிஷன் காலேஜ். உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் விசுவாசிகள். மூன்று ஆறைப் பார்த்த மாத்திரத்தில் ஃபைலை மூடிவிடுவார்கள். எனவே அவர்கள் அதைப் பார்க்கக் கூடாது. (என் சான்றிதழில் மொத்த மார்க்கைத்தான் அவர்கள் பார்ப்பார்கள் என்பது அந்த மூளைக்கு எட்டவில்லை.)

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்க என்னிடம் வசன ஸ்டிக்கர்கள் இருந்தன. எண்ணின் மேல் ‘ஜெபமே ஜெயம்’ ஒட்டினேன். எழுத்தின் மேல் கொஞ்சம் நீளமாக ஒன்று தேவைப்பட்டது. ரோஜாப்பூ போட்ட ‘பயப்படாதே’ சரியாகப் பொருந்தியது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்டிக்கரின் ஒரு முனை எழும்பி எழும்பி வந்தது. உள்ளே இருப்பது அதைத் தள்ளுகிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. நேரே ஜெராக்ஸ் கடைக்குப் போய் மெமோவை லேமினேஷன் செய்துவிட்டேன். நல்ல கெட்டி பிளாஸ்டிக்கில், நாலு பக்கமும் ஓரம் விட்டு. இனி அது வெளியே வராது என்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

நேர்காணல் அறையில் இரண்டு பேர். மேஜைக்குப் பின்னால் பிரின்சிபால் மேடம். வேலூர்ப் பக்கத்துக்காரர், தமிழ். நரைத்த முடியை இழுத்துக் கட்டி, வெள்ளைப் புடவையில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இருந்தார். பக்கத்தில் சான்றிதழ் சரிபார்க்கிற கிளார்க், தெலுங்கு. கிளார்க் என் மெமோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“டோட்டல் எக்கட?” என்று கேட்டார், மொத்தம் எங்கே என்று. பேனா முனையை அந்த இடத்தில் வைத்து, “இதேமிட்டி?” (இது என்ன?) என்றார்.

“ஜெபமே ஜெயம், சார்.”

அவர் மெமோவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஸ்டிக்கருக்குள்ளிருந்து நிழலாக ஏதோ தெரிந்தது. “டேம்பரிங் மேடம்” என்று, மார்க்கைத் திருத்திய திருட்டைப் பிடித்த குரலில் சொன்னார்.

பிரின்சிபால் மேடம் என்னைப் பார்த்தார். “மொத்தம் எவ்ளோ உனக்கு?”

“அறுநூத்தி அறுபத்தஞ்சுக்கு மேல மேடம்.”

“மேலன்னா எவ்ளோ?”

“அறுநூத்தி அறுபத்தேழுக்குக் கீழ.”

அறையில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. கிளார்க் சார் மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டு, “ஓ” என்றார். அவரும் சபைக்காரர் போலிருக்கிறது. மேடம் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஒரு காகிதத்தை எடுத்து எதையோ எழுதிக்கொண்டே கேட்டார்.

“நாளைக்கு வார்டுல ஒருத்தருக்கு ஜுரம் பாக்கற. பி.பி பாக்கற. உனக்குப் புடிக்காத நம்பர் வருது. அதும்மேலயும் ஸ்டிக்கர் ஒட்டுவியா?”

நைனாவின் கையைக் கழுவிய அந்த அக்கா ஞாபகம் வந்தார். எண்ணைப் பார்த்து ஓடுகிறவளிடம் யார் தங்கள் கையைக் கொடுப்பார்கள்? வெட்கம் என்றால் என்ன என்று அந்த நாற்காலியில்தான் தெரிந்துகொண்டேன். அழக்கூட முடியவில்லை.

“ஜுவாலஜி மார்க்கு நல்லாதான் கீது” என்றார் மேடம், வேலூர் பேச்சு எட்டிப் பார்க்க. “இத நான் வாங்க மாட்டேன். ஒட்டு இல்லாத மெமோ வேணும். பதினஞ்சு நாளு டைம். கடைசி நாளு நாலு மணிக்கு ஆபீஸ் மூடும். நாலு அஞ்சுக்கு வந்தா உன் சீட்டு அடுத்த பொண்ணுக்கு.”

வெளியே வந்ததும் எனக்குப் புரிந்தது. இத்தனை நாளாக எதைத் தொலைக்கப் பாடுபட்டேனோ, அதையே இனி கேட்டு வாங்க வேண்டும்.

வீட்டில் முதலில் லேமினேஷனைப் பிரிக்கப் பார்த்தோம். அம்மா தையல்காரி. துணி வெட்டுகிற கத்தரியால் ஓரத்தை வெட்டினார். நைனா காயில் சூடாக்குகிற சாமானைக் கொண்டுவந்தார். மெமோவில் முத்திரையும் கையெழுத்தும் பிளாஸ்டிக்கோடு போயின. பிசிக்ஸ் போனது. சமஸ்கிருதம் பாதி போனது. கடைசியில் தாளில் மிஞ்சியது ‘பயப்படாதே’ ஒன்றுதான். ரோஜாப்பூ வாடாமல் இருந்தது.

அடுத்து புத்தூர் காலேஜில் அதே கிளார்க் சார். டூப்ளிகேட் மெமோ வேண்டும் என்று விண்ணப்பம் நீட்டினேன். என் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

“அப்புடு ஒத்து அன்னாவு, இப்புடு காவாலி அண்டுன்னாவு!” அப்போது வேண்டாம் என்றாய், இப்போது வேண்டும் என்கிறாய் என்று பக்கத்து மேஜைக்காரரையும் கூப்பிட்டுச் சொன்னார். நான் சளைக்கவில்லை. தினம் காலை முதல் பஸ்ஸில் போய் அவர் வருவதற்கு முன் அவர் வாசலில் நிற்பேன். ஐந்தாம் நாள் அவர் என் முகத்தைப் பார்க்க முடியாமல் கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை சித்தூரில் இருக்கிற ஜில்லா ஆபீசுக்கு அனுப்பிவிட்டார். நான் காகிதத்தின் பின்னாலேயே சித்தூருக்குப் போனேன். ஒருமுறை, இருமுறை, மூன்றுமுறை. ஒவ்வொரு பயணத்திலும் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடி மனமுருக ஜெபித்தேன். “ஆண்டவரே, எப்படியாவது அந்த அறுநூற்று அறுபத்தாறை எனக்குத் தாரும்.” சபை சரித்திரத்தில் இப்படியொரு விண்ணப்பம் மேலே போயிருக்காது.

கடைசி நாள். சித்தூர் ஆபீசில் மெமோ கைக்கு வந்தபோது மணி ஒன்றே முக்கால். எல்லாம் இருந்தது. நட்சத்திரமும் இருந்தது. மேலே கூடுதலாக ஒரு ‘டூப்ளிகேட்’ முத்திரை. அதை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். காலியாகக் கிடந்தது. எங்கேயோ பெரிய மீட்டிங்காம், பஸ்ஸெல்லாம் ஆள் ஏற்றப் போய்விட்டனவாம். திருப்பதிக்கு எழுபது கிலோமீட்டர் இருக்கிறது.

அம்மாவுக்கு போன் செய்து அழுதேன். “இருடி, லோகு மாமா அங்கதான் கீறாரு. புது வண்டிக்கு நம்பர் வாங்க ஆர்.டி.ஓ ஆபீசுக்கு வந்துகீறாரு” என்றார் அம்மா. பத்து நிமிஷத்தில் லோகு மாமா வந்து நின்றார். புது பைக். ஹேண்டில்பாரில் சாமந்தி மாலை, சக்கரத்தடியில் நசுங்கின எலுமிச்சம்பழ வாசனை, டேங்கில் சந்தனம், குங்குமம். எல்லாம் சரி. பின்னால் நம்பர் பிளேட்டைப் பார்த்தேன். ஆர்.டி.ஓ ஆபீஸ் மரத்தடி பெயின்டர் அப்போதுதான் எழுதி முடித்திருந்தார். கடைசி நாலு இலக்கம், 0666.

“உன் மார்க்குமா! அன்னைக்கே முடிவு பண்ட்டேன், வாங்குனா இந்த நம்பருதான்னு. எத்தினி பேர் போட்டி தெரியுமா?” என்றார் பெருமையாக.

“மாமா, வேற வண்டி ஏதாச்சும்...”

“வேற வண்டியா? மணி ரெண்டும்மா! குந்து. பெயிண்டு காயல, பாத்து குந்து.”

ஷேர் ஆட்டோ நம்பரில் இரண்டு ஆறு இருந்தாலே அடுத்த ஆட்டோவுக்கு நிற்கிறவள் நான். அந்த பைக்கையும் கையிலிருந்த மெமோவையும் மாறி மாறிப் பார்த்தேன். இதைக் கையில் வைத்துக்கொண்டு அதில் ஏற யோசிப்பதில் என்ன அர்த்தம் இருக்கிறது? பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். “ஓட்டுங்க மாமா” என்றேன். அவர் பாகாலா, சந்திரகிரி என்று ஊர் ஊராகப் பறந்தார். வழியில் எந்த மிருகமும் எங்களை மறிக்கவில்லை, ரோட்டைக் கடந்த நாலு எருமைகளைத் தவிர.

காலேஜ் வாசலில் மூன்று ஐம்பது. வாட்ச்மேன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் முகம் கழுவலாமென்று ஆஸ்பத்திரி நடையில் இருந்த வாஷ்பேசினுக்குப் போனேன். தோளில் கிடந்த துப்பட்டாவின் முனையை முன்னால் இழுத்தேன். சபைக்குப் போடுகிற வெள்ளைத் துப்பட்டா. சித்தூரில் நான் ஏறும்போதே பின்னால் தொங்கி ஈர நம்பர் பிளேட்டில் நன்றாகப் பதிந்திருக்கிறது. துணியில் இலக்கங்கள் திரும்பித்தான் விழுந்திருந்தன. ஆனால் எதிரே கண்ணாடி இருந்ததே! அதில் கறுகறுவென்று, ஒரு பிசிறு இல்லாமல், 0666 என்று நேராகத் தெரிந்தது.

பதறிப்போய் அதைக் கையால் தேய்த்தேன். வலது கை முழுக்கக் கறுப்பு. வியர்வை கண்ணில் இறங்கியது. நெற்றியைத் துடைத்தேன். பிறகு கண்ணாடியைப் பார்த்தேன்.

வலது கையில் ஒன்று, நெற்றியில் ஒன்று. வேதத்தில் சொன்ன இரண்டு இடத்திலும், ஒன்று விடாமல், நானே என் கையால் போட்டுக்கொண்டிருந்தேன். மண்ணெண்ணெய் இல்லாமல் அது போகாது. மணி மூன்று ஐம்பத்தாறு.

ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. ஆனால் பதினைந்து நாள் அலைந்திருக்கிறேன். கால் தானாக அறைக்குள் போயிற்று.

கிளார்க் சார் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். கையைப் பார்த்தார். நெற்றியைப் பார்த்தார். துப்பட்டாவைப் பார்த்தார். “யேசய்யா” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்.

பிரின்சிபால் மேடம் மட்டும் அசையவில்லை. “மெமோ எங்க?” என்றார்.

வைத்தேன். கையை மடக்கிக்கொண்டுதான் வைத்தேன். மெமோவில் ஒரு சொட்டுப் பெயிண்ட் படவில்லை. அந்த நாளில் நான் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

“டோட்டல் படி.”

“மேடம்...”

“சத்தமா படி. வெளிய கியூல நிக்கறவங்களுக்குக் கேக்கணும்.”

நான் மூச்சை இழுத்துக்கொண்டேன். “அறுநூற்று அறுபத்தாறு!” என்றேன். கத்தினேன் என்று சொல்வதுதான் சரி. வெளியே பேச்சு நின்றுபோனது. கூரை இடிந்து விழவில்லை. மின்விசிறிகூட அதே வேகத்தில்தான் சுற்றியது.

மேடம் அந்த எண்ணை ரெஜிஸ்டரில் எழுதிக்கொண்டார். முத்திரை குத்தினார். அதற்கப்புறம்தான் பேனாவை வைத்துவிட்டு என்னை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். “இன்னாடி இது கோலம்?” என்று கேட்டார். நான் ஆர்.டி.ஓ ஆபீசிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். லோகு மாமாவும் ஒம்போதும் வந்தபோது அந்தச் சுருக்கமில்லாத வெள்ளைப் புடவை குலுங்க ஆரம்பித்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கிளார்க் சார் மட்டும் கடைசிவரை சிரிக்கவில்லை. ஆனால் நான் கிளம்பும்போது ஸ்டோரிலிருந்து ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு கொண்டுவந்து, தூரத்திலிருந்தே நீட்டினார்.

அந்தக் காலேஜில் நாலு வருடம் படித்தேன். இன்று திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பதிமூன்றாம் நம்பர் கட்டில் வேண்டாம் என்பவர்களும், எட்டாம் நம்பர் வேண்டாம் என்பவர்களும் வாரத்துக்கு ஒருவர் வருகிறார்கள். நான் சிரிப்பதில்லை. சிரிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. லோகு மாமா இன்னும் அதே பைக்கில்தான் போகிறார். தறி நாலு ஏழானது அந்த நம்பரால்தான் என்கிறார். எங்கள் வீட்டில் தோசை தீய்ந்தாலும், சுவரில் விரிசல் விட்டாலும், நைனா சொல்வது ஒன்றுதான்: “மேல ஒரு பயப்படாதே ஒட்டிட்டா தீர்ந்துது.”

போன மே மாதம் என் மகளை நகரியில் விடுமுறை வேதாகம வகுப்புக்கு அனுப்பினேன். எட்டு வயது. லீவு போட்டு நானும் போயிருந்தேன். முதல் நாள் வகுப்பு முடிந்து வந்தவள், நைனா பிரித்த பிஸ்கட் பாக்கெட்டை வெடுக்கென்று பிடுங்கினாள். பையிலிருந்து கறுப்புப் பேனாவை எடுத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, பார்கோடை அடிக்க ஆரம்பித்தாள்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “யாருடி சொல்லிக் குடுத்தது இத?”

“எங்க டீச்சர்.”

“யாரு உங்க டீச்சர்?”

“பிரிசில்லா அக்கா. அவங்க சின்னப் பிள்ளையா இருந்தப்ப அவங்களுக்கு ஒரு பெரிய டீச்சர் சொல்லிக் குடுத்தாங்களாம்” என்றாள். ஒரு கோடு விடாமல் அடித்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள். “ஏம்மா, நீ இன்டர்ல எவ்ளோ மார்க்கு?”

அம்மா தையல் மிஷினை நிறுத்திவிட்டார். நைனா என்னைப் பார்த்தார், பேத்தியைப் பார்த்தார். அவள் கையிலிருந்த கறுப்புப் பேனாவையும் பார்த்தார். பிறகு மெதுவாக எழுந்து அலமாரிப் பக்கம் போனார்.

“இரு கண்ணு, உங்கம்மா சொல்லுவா. அந்த ரோஜாப்பூ ஸ்டிக்கரு இங்கதான் எங்கியோ கீது.”